இரு கடல்களுக்கிடையே ஆறு ஆசனங்கள்: வன்னித் தேர்தல் மாவட்டத்தின் நிலமும் அரசியலும்

கிளிநொச்சியைக் கழித்துவிட்டு, இலங்கையின் வடக்குப் பெருநிலப்பரப்பான வன்னியைப் பற்றிப் பேச எவரும் துணியமாட்டார். ஆனாலும் பாராளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் கிளிநொச்சி வாக்காளர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குரியவராகிவிடுகிறார். இந்தியக் கரையை நோக்கி நீண்டு கிடக்கும் தலைமன்னாரும், திருகோணமலை எல்லையைத் தொட்டு நிற்கும் கொக்கிளாயும், கடலே இல்லாத வவுனியாவும் ஒன்றாகச் சேர்ந்து ‘வன்னித் தேர்தல் மாவட்டம்’ என்ற பெயரைப் பெறுகின்றன. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்களையும் அதே பெயருடைய மூன்று தொகுதிகளையும் கொண்ட இந்த மாவட்டம் இன்று 6 உறுப்பினர்களைத் தெரிவு செய்கிறது.

இந்த வடிவத்துக்குக் காரணம் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு. தனித்தொகுதி முறையைக் கைவிட்டு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்துக்கு மாறிய அந்த அரசியலமைப்பு, நாட்டை 20க்குக் குறையாத, 24க்கு மேற்படாத தேர்தல் மாவட்டங்களாகப் பிரிக்குமாறும், இயன்றவரை ஒவ்வொன்றும் ஒரு நிர்வாக மாவட்டமாகவோ பல நிர்வாக மாவட்டங்களின் சேர்க்கையாகவோ அமைய வேண்டும் என்றும் பணித்தது. அப்போது நாட்டில் இருந்த 24 நிர்வாக மாவட்டங்களில் 21 அப்படியே தனித்தனித் தேர்தல் மாவட்டங்களாயின. எஞ்சிய மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்டன. அவைதான் மன்னாரும் வவுனியாவும், 1978இல் புதிதாக உருவாக்கப்பட்டிருந்த முல்லைத்தீவும். கிளிநொச்சி அன்று யாழ்ப்பாண நிர்வாக மாவட்டத்தின் ஒரு பகுதி. அது 1984இல் தனி மாவட்டமானபோது தேர்தல் எல்லை ஏற்கெனவே வரையப்பட்டு முடிந்திருந்தது. இதில் திட்டமிட்ட சூழ்ச்சியைத் தேடுவோர் உண்டு. எனக்குத் தெரிந்தவரை, நிர்வாக எல்லை பின்னர் மாறியும் தேர்தல் எல்லை அசையாமல் நின்றுவிட்டது என்பதே விடயம்.

அசையாமல் நின்ற அந்தக் கோட்டின் விளைவை நீரோட்டத்திலும் பார்க்கலாம். கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தோன்றி, மாங்குளப் பக்கமாக வடக்கே ஓடி, இரணைமடுவில் தேங்குகிறது. ஆற்றின் நீரேந்து பரப்பில் பெரும்பகுதி வன்னித் தேர்தல் மாவட்டத்தில் கிடக்க, குளமும் அதன் கீழுள்ள வயல்களும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இருக்கின்றன. இரணைமடு நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம் விவாதத்துக்கு வந்து, கிளிநொச்சி விவசாயிகள் அதை எதிர்த்தபோது, குடாநாட்டு வாக்கையும் கிளிநொச்சி வாக்கையும் ஒரே பட்டியலில் கேட்க வேண்டியிருந்த கட்சிகள் பட்ட சங்கடம் கொஞ்சமல்ல.

மூன்று மாவட்டங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6,600 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே வாழ்ந்தவர்களோ மூன்றரை இலட்சத்துக்குச் சற்று அதிகம். நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு இரண்டு வீதத்தையும் எட்டாத தொகை. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வவுனியா மாவட்டத்தில் இருந்தனர். மீதி நிலம் காடு, குளம், வயல், களப்பு.

மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி இருக்கின்றன. மேற்கே மன்னார்த் தீவு, விடத்தல்தீவு, அரிப்பு, சிலாவத்துறை என்று கரை நீள்கிறது. ஆழம் குறைந்த பாக்கு நீரிணையும் ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன மன்னார் வளைகுடாவும் அந்தப் பக்கத்துக் கடல்கள். மாவட்டத்தின் பெரிய ஆறான அருவியாறு அநுராதபுரப் பக்கத்திலிருந்து வந்து அரிப்புக்கருகே கடலில் சேருகிறது. தேக்கம் அணைக்கட்டில் திருப்பப்படும் அதன் நீர்தான் கட்டுக்கரைக்குளத்தை நிரப்பி மன்னாரின் நெல்வயல்களை வாழவைக்கிறது. கிழக்கே கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் என்று களப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. மாரி மழையில் தொடுவாய் என்னும் களப்பின் முகத்துவாரம் வெட்டுப்பட்டால் களப்பு கடலோடு கலக்கும், கோடையில் மணல் மூடிவிடும், இறால் பிடிப்பு அதற்கேற்ப ஏறி இறங்கும். மன்னாரில் மக்கள்தொகையின் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர். ஆவணியில் மடுமாதா திருவிழாதான் அந்தப் பக்கத்தின் பெருங்கூட்டம். முல்லைத்தீவிலும் கரையோரமெங்கும் கத்தோலிக்கக் கிராமங்கள் உண்டு. ஆனால் அங்கே ஆண்டின் பெருநாள் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கல். சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பது அதன் தலையாய சடங்கு.

இரு கரைகளுக்கும் நடுவே வவுனியா இருக்கிறது. கண்டி வீதியும் வடக்குப் புகையிரதப் பாதையும் அதனூடாகவே போகின்றன. மன்னாரிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிறவர் பெரும்பாலும் வவுனியாவுக்கு வந்து, கண்டி வீதியில் மாங்குளம் வரை ஏறி, அங்கிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாகத் திரும்புவார். தேர்தல் நிர்வாகமும் இதே வழிதான். மாவட்டத்தின் தெரிவத்தாட்சி அலுவலராக வவுனியா அரசாங்க அதிபரே செயற்பட, முல்லைத்தீவு வேட்பாளரும் மன்னார் வேட்பாளரும் நியமனப் பத்திரம் கொடுக்க வவுனியாவுக்கு வரவேண்டியிருக்கிறது. கட்சிப் பட்டியலுக்குள் தனி வேட்பாளருக்கு விழும் விருப்பு வாக்குக்காக ஒரே வேட்பாளர் பேசாலைக் கடற்கரையிலும் செட்டிகுளம் வயல்வெளியிலும் கொக்குத்தொடுவாயிலும் தன் இலக்கத்தைச் சொல்லித் திரிய வேண்டியிருப்பதால், எரிபொருளுக்குப் பணமில்லாதவர் தன் ஊருக்கு வெளியே அறியப்படாமலே போய்விடுகிறார்.

இவ்வளவு குறைந்த வாக்காளருக்கு 6 ஆசனங்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதே இந்த மாவட்டத்தின் அரசியலைத் திறக்கும் திறவுகோல். தேர்தல் மாவட்டங்களினூடாகத் தெரிவாகும் 196 பேரில் 160 பேர் வாக்காளர் தொகைக்கேற்பப் பங்கிடப்படுகின்றனர். எஞ்சிய 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்காகக் கொடுக்கப்பட்டு, அந்தந்த மாகாணத்தின் தேர்தல் மாவட்டங்களுக்குள் பகிரப்படுகின்றன. வட மாகாணத்துக்குரிய அந்த நான்கில் பெரும்பங்கு வன்னிக்கு வருகிறது. அதனால்தான் 2024இல் சுமார் 5 இலட்சத்து 93 ஆயிரம் வாக்காளரைக் கொண்ட யாழ்ப்பாணத்துக்கும், சுமார் 3 இலட்சத்து 6 ஆயிரம் வாக்காளரைக் கொண்ட வன்னிக்கும் சமமாக 6 ஆசனங்கள் கிடைத்தன. 2010இல் 9 ஆசனங்கள் வைத்திருந்த யாழ்ப்பாணம் 2015இல் 7ஆகவும் 2024இல் 6ஆகவும் இறங்கியபோது வன்னி இறங்கவில்லை.

பரப்புக்கு ஆசனம் கொடுக்கும் இந்த வழக்கம் 1978இன் கண்டுபிடிப்பு அல்ல. சோல்பரி அரசியலமைப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு, ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்றும் விதித்து, சிறுபான்மையினர் வாழும் ஐதான பிரதேசங்களுக்கு ஓரளவு எடை கொடுத்தது. அந்த வகையில் வட மாகாணம் பெற்ற 4 மேலதிக ஆசனங்களுக்கும் உண்மையான உரிமையாளர் குடாநாடல்ல, வன்னிக் காடுதான். நிலமே ஆசனம் தருகிறது என்றால், அந்த நிலத்தில் யார் குடியிருக்கிறார்கள், யார் துரத்தப்பட்டார்கள், வாக்களிப்பு நாளில் யாரால் சாவடிக்கு வர முடிந்தது என்பவை மற்ற மாவட்டங்களைவிட இங்கே பல மடங்கு பெறுமதி பெறுகின்றன. வன்னியின் தேர்தல் வரலாற்றை, யாருக்கு வாக்களித்தார்கள் என்பதைவிட யாரால் வாக்களிக்க முடிந்தது என்று வாசிப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

அதன் தொடக்கம் அமைதியானதுதான். 1931இல் சர்வசன வாக்குரிமையோடு அரசாங்க சபைத் தேர்தல் வந்தபோது, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் தேர்தலைப் பகிஷ்கரித்தன. மன்னார்–முல்லைத்தீவு என்று ஒன்றாக இருந்த வன்னித் தொகுதி பகிஷ்கரிக்கவில்லை. தன் உறுப்பினரைச் சபைக்கு அனுப்பியது. 1947இல் அது மன்னார், வவுனியா என்று இரண்டானது. குடாநாட்டின் ஆசனங்களில் ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் தமிழ்க் காங்கிரஸ் அள்ளிக்கொண்ட அந்தத் தேர்தலில், வன்னியின் இரு தொகுதிகளும் சுயேச்சைகளைத் தெரிந்தன: மன்னாரில் சி. சிற்றம்பலம், வவுனியாவில் கணிதப் பேராசிரியராக இருந்த சி. சுந்தரலிங்கம். டி. எஸ். சேனாநாயக்கவின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்ற இரண்டு தமிழ் அமைச்சர்களும் இவர்களே. முறையே தபால், தொலைத்தொடர்புத் துறையும் வர்த்தக, வாணிபத் துறையும் அவர்கள் கையில் இருந்தன.

சுந்தரலிங்கத்தின் அரசியல் வாழ்வு தனிக் கட்டுரைக்குரியது. மலையகத் தமிழரின் குடியுரிமைச் சட்ட விவகாரத்தில் 1948இல் அமைச்சரவையை விட்டு விலகியவர், 1950களின் இறுதியில் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணியைத் தொடங்கித் தமிழருக்குத் தனிநாடு வேண்டுமென்று வெளிப்படையாகக் கேட்ட முன்னோடிகளில் ஒருவரானார். தனிநாட்டுக் கோரிக்கை குடாநாட்டுத் தொகுதியிலிருந்தல்ல, வவுனியா உறுப்பினரின் வாயிலிருந்து முதலில் எழுந்தது என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. அதே மனிதர் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைவதைத் தடுத்து நின்றார் என்பதையும் சேர்த்துத்தான் நினைவுகொள்ள வேண்டும். 1960 மார்ச்சில் வவுனியா அவரைக் கைவிட்டு, சுயேச்சையான தா. சிவசிதம்பரத்தைத் தெரிந்தது. மன்னாரில் 1956 முதல் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. அழகக்கோன் நீண்டகாலம் நிலைத்திருந்தார்.

1977இல் முல்லைத்தீவு தனித்தொகுதியானது. வட மாகாணத்தின் 14 ஆசனங்களையும் தமிழர் விடுதலைக் கூட்டணி வென்ற அந்தத் தேர்தலில் மன்னாரில் பி. எஸ். சூசைதாசன், வவுனியாவில் சிவசிதம்பரம், முல்லைத்தீவில் எக்ஸ். எம். செல்லத்தம்பு ஆகியோர் தெரிவாயினர். 1983 ஆகஸ்டில் பிரிவினைக்கெதிரான ஆறாவது திருத்தம் நிறைவேறியபின், சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்களின் ஆசனங்கள் பறிபோயின. தொகுதிவாரியாகத் தெரிவான வன்னி உறுப்பினர்களின் காலம் அதோடு முடிந்தது.

இதற்கிடையில் வாக்காளர் இடாப்பே மாறத் தொடங்கியிருந்தது. 1958இலும் 1977இலும் நிகழ்ந்த இனக்கலவரங்களும் 1970களின் தோட்டத்துறைப் பட்டினியும் மலையகத் தமிழரை வவுனியா, முல்லைத்தீவுக் காட்டோரங்களுக்குத் தள்ளின. அவர்களைக் குடியமர்த்த உழைத்த காந்தியம் இயக்கத்தின் மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். இன்று வன்னியில் கணிசமான ஏழை வாக்காளர் அந்தக் குடும்பங்களின் வழிவந்தோர். ஆனால் வேட்பாளர் பட்டியல்களில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் அவர்களின் தொகைக்கு ஒப்பானதல்ல. இதைத் தமிழ்க் கட்சிகள் பேச விரும்புவதில்லை. மறுபக்கம், மணலாற்றுப் பகுதியில் அரசு 1980களில் தமிழ்க் கிராமங்களை அப்புறப்படுத்திச் சிங்களக் குடியேற்றத்தை நிறுவி, வெலிஓயா என்று பெயரிட்டது. அது இப்போது முல்லைத்தீவின் ஆறு பிரதேச செயலாளர் பிரிவுகளில் ஒன்று. 2012 கணக்கின்படி அந்த மாவட்ட மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் சிங்களவர். நிலத்தொடர்ச்சி பற்றிய தமிழரின் அச்சமும், ஆசனக் கணக்குப் பற்றிய கட்சிகளின் கவலையும் இந்த ஓர் இடத்தில் ஒன்றாகச் சந்திக்கின்றன.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிக் கிராமங்கள் என்று மன்னாரின் பழைய ஊர்கள் சில நாட்களுக்குள் வெறுமையாயின. பெரும்பாலோர் புத்தளத்தில் தங்கினர். வாக்கு மட்டும் மன்னாரில் பதிவாகியிருந்தது. அதனால் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கான வாக்களிப்பு நிலையங்கள், வேறொரு மாகாணத்திலுள்ள புத்தளத்தில் திறக்கப்படும் வழக்கம் உண்டானது. அவர்களில் ஒருவராக இளவயதில் இடம்பெயர்ந்த ரிஷாட் பதியுதீன் 2001 முதல் இந்த மாவட்டத்தின் உறுப்பினராக இருந்துவருகிறார். புத்தளத்தில் வாழ்கிறவருக்கு மன்னாரில் வாக்கு எதற்கு என்று கேட்பவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பும் தமிழருக்குக் காணி எதற்கு என்று கேட்கப்படும்போது கொதிப்பதைக் கண்டிருக்கிறேன். இரண்டு கேள்விகளும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டியவை.

போர்க்காலத் தேர்தல் முடிவுகள் அந்தந்த நாட்களின் இராணுவ வரைபடத்தையே பிரதிபலிக்கின்றன. 1994இல் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வவுனியா நகரைச் சுற்றி வாக்குகள் விழுந்தன. நாடு முழுவதிலும் 12 ஆயிரத்தையும் எட்டாத வாக்குகளைப் பெற்ற, புளொட் என்னும் தமிழ் ஆயுத அமைப்பின் கட்சி, வன்னியிலிருந்து மட்டும் 3 உறுப்பினர்களைப் பெற்றது. 2001 டிசம்பர் 5ஆம் திகதி, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த ‘விடுவிக்கப்படாத பகுதி’யிலிருந்து வாக்களிக்கப் புறப்பட்ட பல்லாயிரம் பேரைச் சோதனைச்சாவடியில் படையினர் திருப்பியனுப்பினர். போர்நிறுத்தக் காலத்தில், 2004 ஏப்ரலில், புலிகளின் பகுதி மக்களுக்காக அரச கட்டுப்பாட்டு எல்லையோரம் பல நிலையங்களை ஓரிடத்தில் சேர்த்த கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட, மக்கள் பேருந்துகளில் வந்து வரிசையில் நின்று வாக்களித்துவிட்டுத் திரும்பினர். வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆறில் ஐந்தை எடுத்தது. வேறு எந்தக் கட்சியும் வன்னியில் அந்த அளவை எட்டியதில்லை. அடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் புலிகளின் பகிஷ்கரிப்பு வந்தபோது யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வாக்களித்தார். அந்த வித்தியாசம் மனநிலையின் வித்தியாசம் அல்ல. வவுனியா நகரும் மன்னார் நகரும் அரச கட்டுப்பாட்டில் இருந்தன என்பதே அதற்கான விளக்கத்தின் பெரும்பகுதி.

2009 மே மாதத்தில் போர் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணலில் முடிந்தது. உயிர்தப்பியோர் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர்; கடைசி முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. ஆகவே 2010 ஏப்ரல் பொதுத் தேர்தல் நடந்தபோது முல்லைத்தீவுத் தொகுதி வாக்காளரில் பெரும்பாலோர் முல்லைத்தீவில் இல்லை. கூட்டமைப்பு 3, அரசாங்கக் கூட்டணி 2, ஐக்கிய தேசியக் கட்சி அணி 1 என்று முடிவு வந்தது. மக்கள் ஊர்திரும்பியபின் 2015இல் கூட்டமைப்பு 4ஆக உயர்ந்தது. 2020இல் மீண்டும் 3. 2024 நவம்பரில் கூட்டமைப்பே இல்லை. தமிழரசுக் கட்சியும், மற்றவர்கள் சேர்ந்த ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் தனித்தனியே நின்று ஆளுக்கொன்று பெற, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்றும் இலங்கைத் தொழிற்கட்சிக்கு ஒன்றும் போக, தேசிய மக்கள் சக்தி 2 ஆசனங்களோடு முதலிடம் பிடித்தது.

இந்த முடிவைத் தமிழ்த் தேசியத்தின் வீழ்ச்சி என்று கொழும்பிலும், தற்காலிகச் சலனம் என்று யாழ்ப்பாணத்திலும் எழுதினார்கள். இரண்டுமே கணக்கைப் பார்க்காத எழுத்து. தேசிய மக்கள் சக்தி பெற்றது செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. முதலிடத்துக்கு வரும் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் கிடைக்கும் என்ற விதியே அதற்கு இரண்டாவது உறுப்பினரைக் கொடுத்தது. தமிழ்க் கட்சிகள் ஒரே பட்டியலில் நின்றிருந்தால் அந்த மேலதிக ஆசனம் எங்கே போயிருக்கும் என்பதைக் கணக்குப் போட அதிக நேரம் தேவையில்லை. அதே வேளை, அந்த ஐந்தில் ஒரு பங்கை இகழவும் முடியாது. காணி, கடன், வேலை என்று கேட்டுக் களைத்துப்போன இளையோர் பலர் பழைய சின்னங்களை விட்டு நகர்ந்ததன் அடையாளம் அது.

அவர்கள் கேட்பவை இரு கரைகளிலும் வெவ்வேறானவை. பேசாலை, விடத்தல்தீவு மீனவரின் முதல் முறைப்பாடு இந்திய இழுவைப்படகுகள் அறுத்துப்போகும் வலைகள். வலை போனால் முதலும் போய், கடனும் சேர்ந்துவிடும். கிழக்கே கொக்கிளாய், நாயாறு மீனவரின் முறைப்பாடு, தென்னிலங்கையிலிருந்து வந்து வாடியடித்துக் கரைவலைப்பாடுகளைப் பிடித்துக்கொண்டவர்கள் பற்றியது. மன்னார்த் தீவில் ‘தம்பபவனி’ காற்றாலைகள் எழுந்தபின், மேலும் காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் வேண்டாம் என்று 2025இல் மக்கள் வீதிக்கு வந்தனர். முல்லைத்தீவில் கேப்பாப்பிலவு மக்கள் படையினரிடமிருந்து தம் காணியைக் கேட்டு 2017இல் போராட்டம் தொடங்கினார்கள். குருந்தூர்மலையில் தொல்லியலின் பெயரால் எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை போனது. வவுனியாவில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் அதே 2017இல் தொடங்கிய தொடர் போராட்டத்துக்கு எந்தப் பாராளுமன்றமும் விடை கொடுக்கவில்லை. 6 உறுப்பினர்கள் 5 கட்சிகளிலிருந்து வந்திருக்கும்போது, இவற்றில் எதை முதலில் எடுப்பது என்பதில்கூட அவர்களிடையே இணக்கம் காண்பது கடினம்.

மாகாண சபைத் தேர்தலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 2013இல் வட மாகாண சபைக்கு மன்னாரும் முல்லைத்தீவும் தலா 5 பேரையும், வவுனியா 6 பேரையும், கிளிநொச்சி 4 பேரையும், யாழ்ப்பாணம் 16 பேரையும் தனித்தனி மாவட்டங்களாக நின்று தெரிந்தன. அந்தச் சபையின் காலம் 2018இல் முடிந்தது. தொகுதி முறையைக் கலந்து எல்லைகளை மீள்வரையும் எல்லை நிர்ணய அறிக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டபின், எந்த முறையில் அடுத்த தேர்தலை நடத்துவது என்ற கேள்வியிலேயே மாகாண சபைகள் சிக்கிக்கொண்டன. பாராளுமன்றத்துக்கும் கலப்பு முறை வருமானால் முதலில் வெட்டுப்படும் எல்லைகளில் வன்னியும் ஒன்றாக இருக்கும். மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் தனித்தனி உறுப்பினர் நிச்சயமாகக் கிடைக்கலாம். ஆனால் பரப்புக்காகக் கிடைத்துவரும் மேலதிக ஆசனங்களை அந்த முறை எங்கே வைக்கும் என்பதைப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.